மிகுதியை வெள்ளித்திரையில் காண்க

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



படப் பாட்டுப் புத்தகங்களை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மங்கிய காகிதத்தில், மை ஒட்டியும் ஒட்டாமலும் அச்சடித்து, சில சதத்துக்கு விற்கப்பட்ட புத்தகங்கள் அவை. முதற் பக்கத்தில் நடிகர்களின் பெயர்கள், அடுத்துக் கதைச் சுருக்கம், பிறகு பாடல்கள். அந்தக் கதைச் சுருக்கம் ஒரு பண்பு நிறைந்த பகுதி. கதாநாயகன் சிறைக்குப் போவான், கதாநாயகி வீட்டைவிட்டு வெளியேறுவாள், குழந்தை காணாமற் போகும். சரியாக அந்த இடத்தில் எழுத்தாளர் பேனாவை மூடிவிட்டு, "மிகுதியை வெள்ளித்திரையில் காண்க" என்று எழுதிவிடுவார்.

ஒரு படத்தைப் பற்றி முன்கூட்டியே எவ்வளவு சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு நம்மிடம் இருந்த சட்டம் இந்த ஒரு வரிதான். யாரும் இயற்றாத சட்டம். ஆனால் எல்லோரும் கடைப்பிடித்த சட்டம். இன்று படத்தின் முன்னோட்டம், அதாவது ட்ரெயிலர், கைத்தொலைபேசியிலேயே வந்துவிடுகிறது. இரண்டரை நிமிடத்தில் முழுக் கதையும் அதில் அடங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, "இனிப் படத்துக்கு எதற்குப் போக வேண்டும்?" என்று கேட்கும் இளைஞர்களை நான் சந்திக்கிறேன். அந்தக் கேள்வியையே இன்று உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் பாதையில், திகனையையும் தெல்தெனியவையும் கடந்தால் எங்கள் ஊர். படம் பார்க்க வேண்டுமானால் தோட்டத்திலிருந்து பாதைக்கு இறங்கி, பஸ் பிடித்துக் கண்டிக்குப் போக வேண்டும். பஸ் காசு, டிக்கெட் காசு, அதற்கும் மேலாக ஒரு நாட்பேர் இழப்பு. திரும்பி வருவதற்குக் கடைசி பஸ் இருக்குமா என்ற கவலை வேறு. ஆகவே எங்கள் லயத்தில் பலருக்குத் திரைப்படம் என்பது கண்ணால் பார்ப்பதல்ல, காதால் கேட்பது.

என் அப்பாயி அப்படிக் கேட்டவர்களில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பக்கத்துக் காம்பராவின் டிரான்சிஸ்டர் வாசலுக்கு வந்துவிடும். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950இல் தொடங்கியது. அதன் தமிழ்ச் சேவை கடல் கடந்து தமிழ்நாட்டையும் கட்டிப்போட்டிருந்த காலம் அது. படத் தயாரிப்பாளர்கள் அதில் விளம்பர நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். கே. எஸ். ராஜாவின் "திரைவிருந்து" கேட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மூச்சு விடாத அந்த வேகம், படத்தின் வசனத்துக்கும் தன் சொல்லுக்கும் இடையில் தையல் தெரியாமல் ஒட்டும் அந்த லாவகம்! அவர் ஒரு கேள்வியை எழுப்புவார். படத்தின் பாத்திரம் பதில் சொல்ல வாய் திறக்கும். அதற்குள் இசை வந்து மறைத்துவிடும். காட்சியே இல்லாத முன்னோட்டங்கள் அவை. கேட்டவரின் மனமே திரை.

வானொலி நிறுத்திய இடத்திலிருந்து அப்பாயி தொடங்குவார். கொழுந்து கிள்ளும்போது நிரையில் நிற்கும் பெண்களிடம் மீதிக் கதையைத் தானே சொல்லி முடிப்பார். அது படத்தின் கதையல்ல, அவருடைய கதை. ஆனால் அதைக் கேட்க அடுத்த மலையிலிருந்தும் ஆட்கள் வந்ததுண்டு.

ஒரு சமயம் "பாசமலர்" கண்டியில் மறுபடியும் திரையிடப்பட்டது. 1961இல் பீம்சிங் இயக்கத்தில் வந்து, அண்ணன் தங்கை என்றாலே அந்தப் படத்தைச் சொல்லும்படி செய்த படம். அதன் வசனத் துண்டு ஒன்றை வானொலியில் கேட்ட நாளிலிருந்து அப்பாயிக்கு நிலைகொள்ளவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. 1964இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அவருடைய ஒரே அண்ணன் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டிருந்தார். தலைமன்னாரில் கப்பலேறியவரிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது, மூன்றாவது வரவில்லை. ஆகவே அந்தப் படத்தில் அண்ணனும் தங்கையும் கடைசியில் ஒன்றுசேர்ந்துவிடுவார்கள் என்று அப்பாயி முடிவுசெய்துவிட்டார். தங்கை அண்ணன் வீட்டுக்கே திரும்பி வருவாள், ஒரே அடுப்பில் உலை வைப்பார்கள் என்று நிரையில் எல்லோருக்கும் சொல்லியும் விட்டார்.

தீபாவளிக்குக் கண்டியிலிருந்து மாமா ஒருவர் வந்தார். கடையில் வேலை செய்பவர். படம் பார்த்துவிட்டு வந்திருந்தார். தேநீரைக் கையில் வாங்கியதும் முதற் பேச்சாக, "கடைசியில ரெண்டு பேருமே செத்துப் போயிடுறாங்க" என்றார்.

அப்பாயி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அத நீயா சொல்லணும்? நானே போய்ப் பாத்து அழுதிருப்பேனே தம்பி."

அந்த மாதம் சம்பளம் வாங்கியதும் அவர் என்னையும் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்தார். தம் வாழ்நாளில் அவர் தியேட்டருக்குள் நுழைந்தது அந்த ஒரு தடவைதான். நன்றாக அழுதார். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் சொன்ன ஒரு வார்த்தை இன்றுவரை என் மனதில் நிற்கிறது. "அழுக வந்துச்சு ராசா. ஆனா எப்ப சாவாங்க, எப்ப சாவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

நேயர்களே, முன்னோட்டம் எவ்வளவு சொல்லலாம் என்ற கேள்வியின் உயிர் இந்த ஒரு வார்த்தையில் இருப்பதாக நான் நினைக்கிறேன். முடிவு தெரிந்ததால் அப்பாயியின் கண்ணீர் நின்றுவிடவில்லை. படத்துக்குள் தன்னை மறந்து இருக்கும் நிலைதான் போய்விட்டது. கதையோடு நடக்க வேண்டியவர், கதைக்கு முன்னால் போய் வழியில் காத்து நின்றார்.

சரி, இந்த வழக்கத்தின் வரலாற்றையும் சற்றுப் பார்ப்போம். ட்ரெயிலர் என்ற சொல்லுக்குப் பின்னால் இழுபட்டு வருவது என்று பொருள். முன்னால் காட்டுவதற்கு ஏன் இந்தப் பெயர்? அமெரிக்காவில் 1910களில் இந்த வழக்கம் தோன்றியபோது, இவை படம் முடிந்தபிறகுதான் காட்டப்பட்டன. பின்னர் முன்னுக்கு வந்துவிட்டன. பெயர் மட்டும் பின்னாலேயே நின்றுவிட்டது.

எவ்வளவு மறைப்பது என்பதை ஒரு கலையாகவே செய்தவர் ஆல்பிரட் ஹிட்ச்கொக். 1960இல் வந்த "சைக்கோ" படத்துக்கு அவர் தயாரித்த முன்னோட்டம் ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. அதில் கதைக் காட்சிகளே இல்லை எனலாம். வெறுமையான வீட்டுக்குள் ஹிட்ச்கொக் தாமே நடந்து, இந்தப் படிக்கட்டில்தான், இந்தக் குளியலறையில்தான் என்று ஒவ்வோர் இடமாகச் சுட்டிக்காட்டுகிறார். சொல்லவந்ததைப் பாதியிலே விழுங்கிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். படம் தொடங்கியபின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்ற விதியையும் அவர் தியேட்டர்களில் ஏற்படுத்தினார்.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் 1991இல் வந்த "டேர்மினேட்டர்" இரண்டாம் பாகம். முதற் படத்தில் கொலைகாரனாக வந்த இயந்திர மனிதன் இதில் பாதுகாவலனாக வருகிறான். அவன் நல்லவனா கெட்டவனா என்ற ஐயத்தின்மீதே படத்தின் தொடக்கப் பகுதி முழுவதையும் ஜேம்ஸ் கமரூன் கட்டியிருந்தார். ஆனால் முன்னோட்டம் அந்த ஐயத்தைப் படம் வருமுன்னரே தீர்த்துவைத்துவிட்டது. பாடுபட்டுப் போட்ட முடிச்சை விளம்பரக்காரர் வாசலிலேயே அவிழ்த்துவிட்டார்.

விளம்பரக்காரரின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. 2000ஆம் ஆண்டில் "காஸ்ட் அவே" என்ற படம் வந்தது. தனித்தீவில் அகப்பட்டுக்கொண்ட மனிதனின் கதை. அவன் மீண்டு ஊருக்குத் திரும்புவதையே முன்னோட்டம் காட்டிவிட்டது. அதன் இயக்குநர் ரொபர்ட் ஸெமக்கிஸ் இத்தகைய முன்னோட்டங்களுக்காக வருந்தியவரல்லர். மக்கள் தாம் காசு கொடுத்துப் பார்க்கப்போவது என்ன என்பதை முழுதாக அறிந்துகொள்ளவே விரும்புகிறார்கள் என்று வாதிட்டவர். ஒரு நாட்பேரை இழந்து படம் பார்க்கப் போகிறவர்களின் ஊரிலிருந்து வந்தவன் நான். இந்த வாதத்தை என்னால் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியவில்லை. ஏழையின் காசுக்கு ஏமாற்றம் தாங்காது.

ஆராய்ச்சியாளர்களும் இதில் இறங்கியிருக்கிறார்கள். 2011இல் கலிபோர்னியாவில் உளவியலாளர் இருவர் 12 சிறுகதைகளை எடுத்துக்கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினார்கள். முடிவை முன்னரே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தபோது வாசகர்களின் ரசனை குறையவில்லை. சற்றுக் கூடியது என்றே கண்டார்கள். ஆனால் 2015இல் வேறு இருவர் செய்த ஆய்வு, முடிவு தெரியாமல் படித்தவர்களே அதிகம் ரசித்தார்கள் என்று கூறியது. அறிஞர்களின் தராசும் இங்கே நிலைகொள்ளவில்லை.

நம்முடைய மரபு இதில் என்ன சொல்கிறது? சிலப்பதிகாரத்தின் பதிகத்தைப் படித்துப் பாருங்கள். கோவலன் மாதவியிடம் போனது, மதுரைக்குச் சென்றது, பொற்கொல்லனின் வஞ்சம், பாண்டியனின் பிழை, கோவலன் கொலையுண்டது, கண்ணகி மதுரையை எரித்தது என எல்லாம் அதிலேயே வந்துவிடுகிறது. நூல் உணர்த்தவரும் உண்மைகள் மூன்றும் சொல்லப்படுகின்றன. முப்பது காதைகளின் பெயர்களும் வரிசையாக வந்துவிடுகின்றன. இந்தப் பதிகம் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்பாரும் உளர். யார் எழுதியிருந்தாலும், இவ்வளவையும் சொன்னால் காப்பியத்தை எவரும் படிக்கமாட்டார்கள் என்று அவர் அஞ்சவில்லை. நூற்றாண்டுகளாக நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

தோட்டத்துக் காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி மாதத்தில் தப்பு முழங்கத் தொடங்கும்போதே, சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பான், மன்மதன் எரிவான், ரதி புலம்புவாள் என்பது தூளியில் கிடக்கும் குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடியப் பனியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ரதி புலம்பும்போது அழாத பெண் இல்லை. அங்கே எவரும், "முடிவைச் சொல்லிக் கெடுத்துவிட்டாயே!" என்று எவரையும் திட்டியதில்லை.

அப்படியானால் அப்பாயியின் வருத்தம் தவறா? இல்லை. இரண்டும் இரு வேறு வகையான கதைகள். ஒருவகைக் கதை ஊருக்குப் பொதுவானது. அதில் என்ன நடக்கும் என்பது கேள்வியே அல்ல. எப்படி நடக்கும் என்பதே கேள்வி. ஹுன்னஸ்கிரியவைக் கடந்து உடதும்பறைக்கு அப்பால் போனால் பதினெட்டு வளைவு வருகிறது. அதன் உச்சியில் நின்றால் கீழே மஹியங்கனைச் சமவெளி தெரியும். போய்ச்சேரும் இடம் கண்ணெதிரே தெரிகிறது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் நெஞ்சு ஒருதரம் பதறத்தான் செய்கிறது. சிலப்பதிகாரமும் காமன் கூத்தும் அப்படிப்பட்ட பாதைகள்.

மற்றவகைக் கதை, கேட்பவர் தாமே கண்டுபிடிப்பதற்காகக் கட்டப்பட்டது. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய "அந்த நாள்" இதற்கு நல்ல உதாரணம். பாடலே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் அது. தொடங்கியவுடனேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு இறந்துவிடுகிறார். மரணத்தைப் படமே முதல் நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. சுட்டது யார் என்பதை மட்டும் கடைசிவரை தன் மடியில் வைத்துக்கொள்கிறது. எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று தெரிந்த ஒரு கலைஞனின் வேலை. சுட்டவர் யார் என்பதை நானும் இங்கே சொல்லப்போவதில்லை. படத்தைப் பார்க்காத நேயர் ஒருவராவது கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

ஆகவே, முன்னோட்டம் தயாரிப்பவர் முதலில் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எத்தனை நிமிடம் என்பதல்ல. அமெரிக்கத் தியேட்டர் உரிமையாளர் சங்கம் 2014இல் முன்னோட்டங்கள் இரண்டு நிமிடத்துக்கு மேற்படக்கூடாது என்று ஒரு வழிகாட்டல் வெளியிட்டது. இரண்டு நிமிடத்தில் மகாபாரதத்தையும் சொல்லிவிடலாம்; இரண்டு மணி நேரம் பேசி ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம். நான் விற்கும் இந்தக் கதையில் பார்ப்பவர் தாமே அடைய வேண்டிய கணம் எது என்பதே கேள்வி. அந்தக் கணம் அவருடைய சொத்து. அதற்காகத்தான் அவர் டிக்கெட் வாங்குகிறார்.

மறைப்பது ஒருபுறமிருக்க, இல்லாததைக் காட்டுவது என்ற குற்றமும் ஒன்று உண்டு. 2016இல் ஷாருக் கான் நடித்த "ஃபேன்" என்ற இந்திப் படத்தின் விளம்பரத்தில் ஒரு பாடல் ஓயாமல் காட்டப்பட்டது. குடும்பத்தோடு படத்துக்குப் போன ஓர் ஆசிரியை, படத்தில் அந்தப் பாடலே இல்லாததைக் கண்டு நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மேல்நிலை ஆணைக்குழு அவருக்கு 10,000 ரூபா நஷ்டஈடும் 5,000 ரூபா செலவும் வழங்கத் தீர்ப்பளித்தது. ஆனால் 2024 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. முன்னோட்டம் என்பது டிக்கெட் வாங்கத் தூண்டும் ஒரு விளம்பரமேயன்றி ஒப்பந்தமோ வாக்குறுதியோ அல்ல என்பது அதன் நிலைப்பாடு. அமெரிக்காவில் இதுபோன்ற ஒரு வழக்கில், முன்னோட்டத்தில் தோன்றிய நடிகை படத்தில் இல்லை என்று இருவர் முறையிட்டபோது, முன்னோட்டங்களும் பொய் விளம்பரச் சட்டத்துக்கு உட்படக்கூடியவையே என்று 2022இல் ஒரு நீதிபதி கூறினார்.

சட்டம் எப்படியும் இருக்கட்டும். நமக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. நன்னூலார் பாயிரத்துக்கு இலக்கணம் வகுத்திருக்கிறார். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டையும் பாயிரம் சொல்ல வேண்டும். கவனியுங்கள்: இது யாருக்கான நூல், எதைப் பற்றியது, படித்தால் என்ன கிடைக்கும் என்பவை எல்லாம் இதில் அடங்கிவிடுகின்றன. ஏழையின் காசுக்கு ஏமாற்றம் வராமலிருக்க இவ்வளவு போதும். நூலுக்குள் நடக்கும் திருப்பம் எதையும் சொல்லும்படி அவர் கேட்கவில்லை. நல்ல முன்னோட்டத்துக்கு இதைவிடச் சிறந்த இலக்கணத்தை ஹொலிவுட்டும் எழுதிவிடவில்லை.

சினிமாக்காரரைக் குறைசொல்லிவிட்டு, இலக்கியக்காரர் நாம் தப்பிவிடக்கூடாது. நம்முடைய சிறுகதைத் தொகுதிகளுக்கு எழுதப்படும் அணிந்துரைகளைப் பாருங்கள். பன்னிரண்டு கதை இருந்தால், பன்னிரண்டின் முடிவையும் அணிந்துரைகாரர் வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றின் முடிவிலும் "அருமை" என்று முத்திரை குத்திவிடுகிறார். வெளியீட்டு விழாவில் மிச்சம் மீதி இருந்தால் அதை ஆய்வுரைகாரர் தீர்த்துவைக்கிறார். பிறகு, "நம்மவர்கள் புத்தகம் வாங்குவதில்லை" என்று தலைவர் முடிவுரையில் வருத்தப்படுகிறார். நானும் இந்தப் பாவத்தைச் செய்தவன்தான். ஒரு நண்பரின் நாவலுக்கு முன்னுரை எழுதி, அதில் யார் பிழைப்பார் என்பதைச் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "என் புத்தகத்தை நீங்களே படித்து முடித்துவிட்டீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

என். எஸ். எம். இராமையா தம் கதைக்கு "ஒரு கூடைக் கொழுந்து" என்று பெயர் வைத்தார். மூன்றே சொற்கள். எந்த உலகத்துக்குள் நுழையப்போகிறோம் என்பது அதில் முழுமையாக இருக்கிறது. அந்தக் கூடையால் என்ன நேரும் என்பது இல்லை. நான் அறிந்த மிகச் சிறிய, மிக நேர்மையான முன்னோட்டங்களில் அது ஒன்று.

அப்பாயி இன்று இல்லை. அவருடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் ஹுன்னஸ்கிரிய பஸ் தரிப்பிடத்தில் நின்றபடியே, வரப்போகும் படத்தின் முன்னோட்டத்தை உள்ளங்கையில் பார்த்துவிடுகிறார்கள். அதற்குள் எல்லாமே இருக்கிறது: சண்டை, மரணம், பழிவாங்கல், கடைசிச் சிரிப்பு. ஒன்று மட்டும் இல்லை. தேயிலை நிரையில் நின்று, "அதுக்குப் பொறகு என்னாச்சு தெரியுமா?" என்று தொடங்கி, தானே ஒரு கதையைக் கட்டிக்கொள்வதற்கு அதில் இடம் விடப்படவில்லை. தியேட்டருக்குப் போக முடியாத ஒரு மனுஷிக்கு அன்றைய வானொலி கொடுத்தது அரைக் கதைதான். மற்ற அரையை அவரிடமே விட்டுவைத்தது. அந்த அரையில்தான் கடல் கடந்து போன அண்ணன் திரும்பி வந்தான். ஒரே அடுப்பில் உலை கொதித்தது.

எனவே படம் எடுப்போரிடமும், அணிந்துரை எழுதுவோரிடமும், படம் பார்த்துவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்கு வருவோரிடமும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். எந்த ஊருக்குப் போகிறோம் என்பதைச் சொல்லுங்கள். பாதை எப்படிப்பட்டது என்பதையும் சொல்லுங்கள். பொய் சொல்லாதீர்கள். அழ வேண்டிய இடத்தை மட்டும் அழப்போகிறவரிடமே விட்டுவிடுங்கள்.